பின்பக்கம் தாழ்ந்த வண்டி

786

பொழிச்சலூர்
13.11.2007

அன்பு மகன் ஜைதுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அத்தாவும் இருக்கிறோம், நலமா என்று கேட்டால் பதில் நாளுக்கு நாள் மாறும், அதனால் இருக்கிறோம் என்றே எழுதுகிறேன். அந்தப் பனி தேசத்தில் நீ சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். இங்கே தீபாவளியிலிருந்து விடாத மழை, துணி காயவில்லை. உன்னிடம் ஒரு விஷயம் மறைத்துவிட்டேன் ராஜா, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அத்தா இனிமேல் ஓட்டப் போவதில்லை, உங்களுக்கும் பழக்கம் விட்டுப்போச்சு, அந்தப் பெரிய வண்டி யாருக்காக நிக்குது, வித்துடுங்கம்மா என்றாயே, நானும் சரி என்றேனே, நான் விற்கவில்லை. பழுது பார்த்துவிட்டேன்.

கோபப்படாமல் மேலே படி. ஜூனில் அத்தாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நீ வந்து மூன்று வாரம் இருந்துவிட்டுப் போன பிறகு, விழுந்துபோன கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு நாள் தாம்பரத்துக்கு அழைத்துப் போனோம், வாடகை டிரைவர் பட்டாபிராமன் வருவார். ஆகஸ்டில் வண்டியின் பின்பக்கம் தாழ ஆரம்பித்தது, காலையில் பார்த்தால் நாய் குந்தியிருப்பதுபோல இருக்கும். பள்ளத்தில் இறங்கினால் இரும்பில் இரும்பு இடிக்கும், அந்த இடி நேரே அத்தாவின் இடுப்பில் விழும். அந்த மனிதருக்கு வாயிருந்தும் ‘ம்’ என்ற ஒரு சத்தம்தானே, வலிக்கிறது என்று சொல்லக்கூட முடியாமல் இடது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விடுவார். ஆட்டோவில் போய்ப் பார்த்தோம், அது இன்னும் மோசம். கடைசியில் போவதையே நிறுத்திவிட்டேன். இப்போது விட்டால் அந்தக் கால் திரும்பாது என்று டாக்டர் சத்தம் போட்டார்.

பம்மலில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். “இன்னாம்மா, இதுக்குப் போயி பேஜார் பண்ணிகினு, ரெண்டு சாதா ஸ்பிரிங் போட்டு வுட்டா ஆயுசுக்கும் பார்க்க வேணாம்” என்றார். ஆட்டம் இருக்குமா என்றேன், கொஞ்சம் குதிக்கும் என்றார். அந்தக் கொஞ்சம் யார் உடம்பில் குதிக்கும் என்று அவருக்குத் தெரியாது. பிறகு பட்டாபிராமன் பல்லாவரத்தில் சம்பத் என்பவரிடம் கூட்டிப்போனார். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அவர் டிரைவரைப் பார்த்துப் பதில் சொன்னார். நான் நகரவில்லை, வண்டிக்கடியில் குனிந்து பார்த்தேன். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். “யம்மா, பின்னாடி ஸ்பிரிங்கே இல்ல, ரப்பர் பை கீது, அதுக்கு ஒரு சின்ன மோட்டார் காத்து அடிக்கும். வெயிட்டு ஏறினா வண்டி தானா தூக்கிக்கும். இப்ப பாருங்க” என்று சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். ரப்பர் மடிப்பில் குமிழ் குமிழாக வந்தது. ஒழுகுகிற பைக்கு ஓயாமல் காற்றடித்து அந்த மோட்டாரும் கருகிப் போயிருந்தது. ஓட்டையை அடைத்து ஓட்டினால் போதாது, இரண்டு பையும் மோட்டாரும் புதிதாகப் போட வேண்டும், சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும் என்றார். போடுங்கள் என்றேன். உன்னைக் கேட்கவில்லை. வேண்டாம் என்பாய் என்று பயம்.

சாமான் வரப் பத்தொன்பது நாள் ஆனது. வாசலில் வண்டியும் இல்லாமல் வீடு வெறிச்சென்றிருந்தது. அத்தாவுக்குக் கஞ்சி, எனக்குப் பழைய குழம்பு, இதற்கு எதற்கு அடுப்படி என்று தோன்றும். மனிதக் குரல் கேட்க வேண்டும் என்பதற்காக டிவியை ஓடவிடுவேன். ஒருநாள் ராங் நம்பர் வந்தது, யாரோ ஒரு பெண் சீட்டுக்காரம்மாவா என்றாள், இல்லை என்று சொல்லிவிட்டு மழை அங்கேயும் பெய்கிறதா என்று கேட்டேன். சிரிக்காதே.

போன ஞாயிறு மதியம் மழை கொஞ்சம் விட்டிருந்தபோது சம்பத் வண்டியைக் கொண்டுவந்தார். அத்தாவை அவரும் பட்டாபிராமனுமாகத் தூக்கிப் பின் சீட்டில் உட்கார வைத்தார்கள். வண்டி கொஞ்சம் அமுங்கியது. பிறகு உள்ளே எங்கோ முனகல் கேட்டது, பின்பக்கம் மெதுவாக, மிக மெதுவாக எழுந்து நேராக நின்றது. அத்தா என்னைப் பார்த்தார். தன்னை ஏதோ ஏந்திக்கொண்டது அவருக்குப் புரிந்துவிட்டது. உதட்டைக் கோணிக்கொண்டு “போ” என்றார். ஐந்து மாதத்தில் முதல் வார்த்தை ஜைத். சம்பத் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சார் சொல்லிட்டாரு, கெளம்புங்கம்மா” என்றார். யார் ஓட்டுவது என்று பட்டாபிராமன் கேட்பதற்குள் நான் ஏறிவிட்டேன். ஆமாம், நானேதான். பத்து வருஷத்துக்கு முன் உன் அத்தா பிடிவாதமாகக் கற்றுக்கொடுத்து லைசென்ஸ் எடுக்க வைத்தது வீண் போகவில்லை. நானும் அத்தாவும் மட்டும் கோவளம் வரை போனோம். எத்தனை வேகத்தடை, ஒன்றில்கூட அவர் முனகவில்லை. கடலுக்கு எதிரே நிறுத்தினேன், படகுகளைக் கரையில் இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அவர் கண் எடுக்காமல் பார்த்தார். எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பக்கத்து சீட்டில் என் கைப்பைதான் இருந்தது.

திரும்பி வந்து கேட்டுக்குள் நிறுத்திய பிறகுதான் யோசித்தேன், இவரை இறக்குவது யார்? பட்டாபிராமன் கல்யாண சவாரிக்குப் போய்விட்டார். எதிர்வீட்டு தேவானந்தம் சார் குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போயிருந்தார். நான் தனியாகத் தூக்கிப் பார்த்தேன், இருவரும் சாய்ந்துவிடுவோம் போலிருந்தது. ஆகவே பின் சீட்டில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். சொந்த வீட்டு வாசலில் வீட்டுக்குள் போக வழியில்லாமல் ஒரு மணி நேரம். அந்தி சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்டது. அழக் கூடாது என்றுதான் இருந்தேன். அவர் இடது கையை எடுத்து என் தலை முக்காட்டைச் சரிசெய்தார். பிறகு சாரும் மருமகனும் வந்து இறக்கினார்கள். நேற்றிலிருந்து பயிற்சிக்குப் போகிறோம். அங்கே தூக்கி இறக்க ஆள் இருக்கிறார்கள், இங்கே சாருடைய மருமகன் வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் உதவுகிறேன் என்றிருக்கிறான், நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டேன்.

நீ வேலையை விட்டு வா என்று எழுதவில்லை. உன் பிழைப்பு அங்கே. வண்டியை மட்டும் விற்கச் சொல்லாதே. காதை மூடிக்கொண்டு வெளியே போ, கருஞ்சீரகம் தீர்ந்தால் சொல், ஜும்ஆவை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் ஹலாலான பரக்கத்தும் கொடுத்து உன்னைக் காப்பானாக. ஒன்றை மறக்காதே, அடுத்த முறை பேசும்போது அத்தா எப்படி இருக்கிறார் என்று என்னிடம் கேட்காதே. போனை அவர் காதில் வைக்கிறேன், அவரிடமே கேள். பதில் வராது. வைத்துவிடாமல் பேசிக்கொண்டிரு, அவருக்கு எல்லாம் கேட்கிறது.

உன் அம்மா
ஜஹீரா