எழுந்து நிற்க ஏழு பேர்

பிப்ரவரி 3

தபால் நிலையக் கதவில் ஊர்க்கூட்ட அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். பன்னிரண்டாவது தீர்மானம்: பாலத்தருகே கார் எண்களைப் படிக்கும் கேமரா. ஆரின் திபோ கொண்டுவந்தது. தன் டிராக்டர் திருடு போனதிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை.

என் வீட்டில் ஒளிந்திருக்கும் தோழி கோரினிடம் சொல்லவில்லை. கொட்டகைக்குப் போய், தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் அவள் காரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 8

சொல்லிவிட்டேன். அவள் சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"இந்த ஊரு கேமரால விழுந்தா எல்லா ஊரு போலீசும் பார்க்கலாம்டி. ஒஹாயோல உட்கார்ந்துக்கிட்டே அவன் என் நம்பரைத் தட்டினா போதும்."

அவன் — அவள் விட்டுத் தப்பி வந்த கணவன். போலீஸ்காரன். எண் பலகையை மாற்றினாலும் புது எண்ணும் அவள் பெயரில்தானே பதிவாகும்?

"நான் கிளம்பிடறேன்" என்றாள். கல்லூரி விடுதியிலும் இப்படித்தான். சண்டை வருமுன் பெட்டி கட்டுவாள்.

பிப்ரவரி 17

கேமரா வேண்டாமே என்று கடையில் வாய் திறந்து பார்த்தேன். ஆரின் சிரித்தார்.

"ஏம்மா மேரன், பேங்க்கைக் கொள்ளையடிக்கப் போறியா? மறைக்க ஒண்ணுமில்லேன்னா பயம் எதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். மறைக்க வேண்டியது குற்றம் மட்டும்தானா? காரணத்தைச் சொல்லவே முடியாதவள் எப்படி வாதாடுவாள்?

பிப்ரவரி 26

தனியாகக் கேட்டால் பலருக்கும் கேமரா பிடிக்கவில்லை. ஆனால் கூட்டத்தில் கை தூக்க வேண்டும். பாதி ஊரின் வாசலில் பனி ஒதுக்குகிறவர் ஆரின். அவர் கண்ணெதிரே யார் தூக்குவார்கள்? போதாததற்குக் கூட்டம் இணையத்தில் நேரலை வேறு.

சட்டத்தைத் தேடிப் படித்தேன். ஏழு பேர் கேட்டால் கை தூக்காமல் ரகசியச் சீட்டில் வாக்களிக்கலாம். இதை எழுதியவர்கள் பக்கத்து நாற்காலியின் கண்ணுக்கு மட்டுமே பயந்திருப்பார்கள். இருந்தும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். யாராவது எழுந்து கேட்டால் போதும்.

யாராவது. நானா? ஐயோ.

மார்ச் 3

நாளை ஊர்க்கூட்டத்தின் மதியச் சாப்பாட்டுக்கு என் பங்கு பீன்ஸ் தயார். கோரினின் பெட்டி வாசலருகே.

மார்ச் 4

எழுந்தேன்.

"ரகசியச் சீட்டு வேணும்."

கூட்டத் தலைவர் திருமதி விட்லாக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இன்னும் ஆறு பேர் வேணுமே. வேண்டியவங்க எழுந்திருங்க."

யாரும் அசையவில்லை. நேரலைக் கேமராவின் சிவப்புப் புள்ளி என் மேலேயே. பிறகு பள்ளி ஆசிரியை எழுந்தார். பால்பண்ணைச் சகோதரர்கள் இருவர். பின்வரிசையில் ஒரு கிழத் தம்பதி, கைகோத்தபடி. என்னோடு ஆறு.

"ஒருத்தர் குறையுது" என்றார் விட்லாக். செத்தேன் என்று நினைத்தேன்.

நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. ஆரின்!

"யோவ், உன் குழியை நீயே தோண்டுறியா?" என்று யாரோ கத்தினார்கள்.

"நான் கேமராவுக்குத்தான்டா போடப் போறேன். அதுக்காக எவனும் என் மூஞ்சியைப் பார்த்துப் போட வேணாம். பொண்ணு கேக்குறது சட்டம்."

சீட்டுகளை மரப்பெட்டியில் போட்டோம். எண்ணி முடிக்கும்வரை பீன்ஸை யாரும் தொடவில்லை.

மார்ச் 9

இரவெல்லாம் பனி. கொட்டகையை விட்டு முற்றத்துக்கு வந்துவிட்ட கோரினின் கார் வெறும் வெள்ளைக் குவியல். அவளே துடைப்பத்தால் தட்டிவிட்டாள்.

ஆரின் வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். வந்தார். பனி ஒதுக்கிக்கொண்டே போனவர் காரின் பின்னால் வண்டியை நிறுத்தினார். ஒஹாயோ எண் பலகை. சமையலறைச் சன்னலில் கோரின். இரண்டையும் பார்த்தார்.

பிறகு காரைச் சுற்றிப் பொறுமையாக ஒதுக்கி முடித்து, தன் வண்டிக் கண்ணாடியை இறக்கினார்.

"ராத்திரி வண்டியைப் பூட்டி வைக்கச் சொல்லும்மா. பாலத்துலதான் கேமரா இல்லையே."