நான்காம் எண் கோப்பை

அன்புள்ள தம்பிக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? தைலத்தைத் தவறாமல் தடவு. இதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மீதியைப் படித்தபின் நீ எனக்குப் பதில் போடுவாயோ, மாட்டாயோ. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

நீ கேட்டுக்கொண்டபடி, என் பெண், உன் மருமகள், வேலை பார்க்கும் காப்பிக் கொள்முதல் கம்பெனிக்கு நேற்றுக் காலை போனேன். உன் தோட்டத்துக் காப்பிக்கொட்டை அங்கே மாதிரிக்கு வந்திருக்கிறது, பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்கக்கா என்றாய். அதில் தவறிருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. தாய்மாமனுக்கு இதுகூடச் செய்யாத பெண் என்ன பெண்? தர அதிகாரி என்று அவள் சொன்னதை வைத்து, கண்ணாடி அறை, சுழல் நாற்காலி என்று நானே கற்பனை செய்து அக்கம்பக்கத்தில் பெருமை பேசி வைத்திருந்தேன்.

முன்னறையில் உட்காரச் சொன்னார்கள். முப்பது வயது தாண்டிய முகம் ஒன்றையும் காணோம். ஒரு பையன் கொட்டையின் ஈரத்தைக் கருவியில் பார்க்கிறான். ஒருத்தி வறுக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறாள். இன்னொருத்தி வெளிநாட்டுக்காரனோடு போனில் விலை பேசுகிறாள். எல்லாரும் பட்டதாரிகள். காப்பிக்கொட்டைக்கு இத்தனை பேரா என்று கேட்டேன். "செடியிலேர்ந்து கப்பு வரைக்கும் இன்னும் ஆள் பத்தலை ஆன்ட்டி" என்று சிரித்தாள், மாதிரிகளை அரைத்துக்கொண்டிருந்த பெண். பேசிக்கொண்டே உன் சிவப்பு முத்திரை போட்ட பையைப் பிரித்து, கொட்டையை அரைத்து நான்காம் எண் கோப்பையில் போட்டாள். கோப்பையில் எண் மட்டுமே இருந்தது, பெயர் இல்லை. ஏனென்று நான் யோசிக்கவில்லை.

சிறிது நேரம் பொறுத்து உள்ளறைக் கதவைத் திறந்தேன். தம்பி, எழுதவே கை கூசுகிறது. நீள மேஜையில் வரிசையாகக் கோப்பைகள். உன் மருமகள் கரண்டியில் காப்பியை எடுத்து, தெருமுனைவரை கேட்கும்படி சர்ரென்று உறிஞ்சினாள். பிறகு கையிலிருந்த குவளையில் துப்பினாள். சுற்றிலும் நான்கு ஆண்கள், அவர்களும் அதையே செய்துகொண்டு! சூப்பு குடிக்கையில் சத்தம் வந்தால் தட்டையே எடுத்துவிடும் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். அதே கண்டிப்போடுதான் இவளையும் வளர்த்தேன்.

அடுத்து நான்காம் கோப்பை. உறிஞ்சினாள், முகம் சுளித்துத் துப்பினாள், தண்ணீரால் வாயைக் கொப்பளித்தாள். "டீசல் நாத்தம். வேண்டாம்."

"அடியே, அது உங்க மாமா காப்பிடி" என்று என் வாய் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது.

அறையில் எல்லாரும் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். எது யாருடைய காப்பி என்று ருசி பார்ப்பவர்களுக்குத் தெரியக் கூடாதாம். தெரிந்துவிட்டால் அந்த மேஜையில் ருசி பார்த்தது எதுவுமே செல்லாதாம். அவள் என்னைத் திட்டவில்லை. "இனி நான் இங்க நிக்கக் கூடாதும்மா" என்று மெதுவாகச் சொல்லி, மேலாளரிடம் மன்னிப்புக் கேட்டு வெளியே வந்தாள். என்னால் அத்தனை தோட்டக்காரர்களின் மாதிரிக்கும் புது எண் போட்டு மறுபடி ஊற்ற வேண்டியதாயிற்று.

நடைவழியில் வைத்து, துப்புவதற்கா உன்னைப் படிக்க வைத்தேன் என்று பிடித்துக்கொண்டேன். சத்தமாக உறிஞ்சினால்தான் வாய் முழுக்கப் பரவுமாம். விழுங்கிக்கொண்டே போனால் நாக்கு மரத்துவிடுமாம். பேச்சை நிறுத்தி, ஒதுக்கி வைத்த அந்தக் கோப்பையையும் ஒரு கரண்டியையும் என் கையில் கொடுத்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு நானும் உறிஞ்சினேன். தம்பி, நானும் துப்பினேன்.

மாலையில் எதுவும் அறியாத வேறு மூன்று பேர் ருசி பார்த்தார்கள். அவர்களும் டீசல் என்றே எழுதினார்கள். ஆகவே அவள் வேண்டுமென்றே மாமாவின் காப்பியைத் தள்ளிவிட்டாள் என்று யாரும் உனக்கு ஓத வேண்டாம்.

அதன்பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. போன மாதம் இங்கே சாப்பிடும்போது உன் மகன், கொட்டை காயும் கொட்டகையில் டீசல் டிரம்மை வைக்க வேண்டாம்ப்பா என்றான். "துரை சொல்லிட்டாரு, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்றாய் நீ. அதிகமாகச் சிரித்தது நான். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். இப்போது தோட்டமே வேண்டாம் என்று செல்போன் கடைக்கு வேலைக்குப் போகிறான் என்கிறாய்.

தோட்டம் தோட்டமாகப் போய்க் கொட்டை காயவைக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்க இந்தக் கம்பெனி இளவயதுக்காரர்களைத் தேடுகிறது. பயிற்சியும் அவர்களே தருகிறார்கள். உங்கள் பக்கத்துக்கு ஆளே கிடைக்கவில்லையாம். உன் மகனும் எல்லாரையும் போல விண்ணப்பித்துத் தேர்வு எழுதட்டும், தன்னிடம் யாரும் சிபாரிசுக்கு வர வேண்டாம் என்று உன் மருமகள் சொல்லிவிட்டாள். நானும் இனி அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன்.

இந்த வருடச் சரக்கை உள்ளூர் வியாபாரி அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பான். உன் வயிற்றெரிச்சல் எனக்குப் புரியாமல் இல்லை. கோபத்தை என்மேல் காட்டு, தாங்கிக்கொள்வேன். அவள் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. மாமா பேசினாரா என்று என்னிடம் கேட்கவும் இல்லை, போனைக் கீழே வைக்கவும் இல்லை.

அவளைக் கூப்பிடு. அதற்கு முன்னால், உன் மகன் கடைக்குக் கிளம்புமுன் அவனை உட்காரவைத்து, அந்த டிரம்மை எங்கே மாற்றலாம் என்று கேள். அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே.

பிள்ளைகளோடு நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் நலமே வேண்டும்,
அக்கா