பட்டியலைக் காட்டாத தேடல்

அக்டோபர் 8, செவ்வாய்

மழை. ஹாஸ்டலுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நிற்கிறது. வயலாக இருந்த இடம், வேறெப்படி இருக்கும்?

கம்பெனி லைனில் என் பக்கத்தில் நின்று வேலை செய்யும் மணிகண்டபிரபு இன்று என் போனில் ஒரு வித்தை காட்டினான். அவன் ஏற்றித் தந்த ஆப்பில் தேடும்போது முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போட வேண்டும். வழக்கமாக வரும் பட்டியல் வராது, அதில் முதலில் இருக்கும் பக்கமே நேராகத் திறந்துகொள்ளும். "டைம் மிச்சம் சுகாக்கா" என்றான். நல்லதுதான். டீ பிரேக்கே கொஞ்ச நேரம்.

அக்டோபர் 11

எதற்கெடுத்தாலும் ஆச்சரியக்குறிதான். ரயில் நேரம், சினிமா, முடி உதிர்வது. பக்கத்துப் பாயில் படுக்கும் செல்லக்கனி சிரிக்கிறாள். "ஏட்டி, ஒனக்கு மாப்பிள்ளையும் அதுலயே வந்துருவான்."

அக்டோபர் 17

எழுதாமல் இருக்க முடியவில்லை.

விடியும்போது செல்லக்கனி எழுப்பினாள். "வயிறு முறுக்குதுட்டி." வாந்தியும் எடுத்தாள். போனில் "! திடீர் வயிற்று வலி வாந்தி" என்று போட்டேன். ஒரு பக்கம் திறந்தது. வாயுத் தொல்லையாம். ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தால் சரியாகிவிடுமாம். கொடுத்தேன். படுக்க வைத்தேன். கம்பெனி பஸ் போய்விடும் என்று குளிக்கப் போனேன். குளிக்கப் போனேன்!

திரும்பி வந்தபோது அவளுக்கு இமை பாதிதான் திறந்தது. "கண்ணு தொறக்க மாட்டேங்கு..." நாக்கு குழறியது. வார்டன் மஞ்சுளாக்கா ஓடி வந்தார். "இன்னாடி ஆச்சு இவளுக்கு? யாராச்சும் ஆட்டோவ நிறுத்துங்கடி!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கண்ணைப் பார்த்ததுமே கேட்டார்: "தரையிலயா படுத்திருந்தாங்க?"

கட்டுவிரியன். தூக்கத்தில் கடித்தால் தெரியவே தெரியாதாம். தடம்கூட இருக்காதாம். பல பேருக்கு வயிற்று வலியில்தான் ஆரம்பிக்குமாம். "வலின்னதும் வந்திருக்கலாமேம்மா."

அக்டோபர் 18

மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள். உள்ளே விடவில்லை.

அக்டோபர் 19

போய்விட்டாள்.

அக்டோபர் 20

அவள் அப்பா பிச்சையா விளாத்திகுளத்திலிருந்து வந்திருந்தார். அழவில்லை. என்னைத்தான் தேடி வந்து கேட்டார். "புள்ள வலிக்குன்னு எப்பம்மா சொல்லிச்சு?"

"விடியக்காலைல."

"ஆஸ்பத்திரிக்கு?"

"ஒடனே கொண்டு போயிட்டோம் மாமா."

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீ நல்லா இருக்கணும் தாயி."

ஐயோ, ஏன் அப்படிச் சொன்னேன்? யாருக்காகச் சொன்னேன்?

அக்டோபர் 27

அதே வார்த்தைகளை இன்று ஆச்சரியக்குறி இல்லாமல் போட்டுப் பார்த்தேன். பட்டியல் வந்தது. முதலில் அந்த ஓமத் தண்ணீர்ப் பக்கம். நான்காவது வரி: தரையில் படுத்து எழுந்ததும் வயிற்று வலி, வாந்தி — பாம்புக் கடியாக இருக்கலாம்.

அன்றைக்குப் பட்டியல் வந்திருந்தால் நான்காவது வரிவரை படித்திருப்பேனா? அந்த அவசரத்தில்? — தெரியவில்லை. தெரியவே போவதில்லை.

நவம்பர் 5

இரும்புக் கட்டில்கள் வந்து இறங்கின, ஆளுக்கு ஒன்று. முன்னாலேயே கேட்டிருந்தோம். அப்போது இடமில்லை என்றார்கள்.

நவம்பர் 25

செல்லக்கனி இடத்துக்கு வந்திருக்கும் கனிஷ்கா காலையில் வயிறு வலிக்கிறது என்றாள். நான் ஷிப்டுக்குப் போகவில்லை. உடை மாற்றக்கூட விடாமல் அவளை ஆட்டோவில் ஏற்றினேன். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மாதவிடாய் வலி.

சூப்பர்வைசர் போனில் கத்தினார். கனிஷ்காவும் வழி நெடுக விடவில்லை. "மாசாமாசம் வர்ற வலிதான்க்கா! சொன்னா கேட்டாத்தான? நைட்டியோட கூட்டியாந்து மானத்த வாங்கிட்டிய."

திட்டட்டும்.