உங்கள் பெயரை நம்பாத கம்ப்யூட்டர்

என் அன்புக்குரிய என்னங்க,

உங்களை வேறெப்படியும் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும். நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இப்போது இல்லை. கோபம் தலைக்கேறி உட்கார்ந்திருக்கிறேன். முழுவதையும் கேளுங்கள், சமாதானத்தைப் பிறகு சொல்லலாம்.

எல்லாம் உங்கள் தம்பி முரளி ஆரம்பித்து வைத்தது. உங்கள் கம்ப்யூட்டரில் இருந்த விண்டோஸ் பழசாகிவிட்டதாம். "இனிமே வெச்சிருந்தா வைரஸ் வந்துரும் அண்ணி, புதுசு போட்டுத் தர்றேன்" என்று ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தான்.

"உங்கண்ணன் வாசிச்சுப் பதிவு பண்ணி வெச்சதெல்லாம் அதுலதான் இருக்கு முரளி. ஒண்ணும் ஆயிடாதே?"

"அது வேற ஹார்டு டிஸ்க் அண்ணி. அதை நான் தொடவே மாட்டேன்."

தொடவில்லைதான். ஆனால் என் பெயரில் புது விண்டோஸ் வந்ததும் 'பாடங்கள்' என்ற உங்கள் ஃபோல்டரைத் திறக்கப் போனால், இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு வாசகம் வந்து நிற்கிறது. யாருக்கு அனுமதி இல்லை? ரிடையர் ஆன பிறகு, பார்வையில்லாத காலேஜ் பிள்ளைகளுக்காக நீங்கள் மைக் முன்னால் உட்கார்ந்து பாடப்புத்தகம் வாசித்தீர்களே, அத்தனை நாளும் மிக்ஸி போடாமல், வாய் திறக்காமல், ஃபேனை நிறுத்திவிட்டு வியர்த்து வழிந்துகொண்டிருந்தவள் நான். எனக்கா அனுமதி இல்லை?

முரளி யோசித்தான். புது விண்டோஸில் உங்கள் பெயரிலேயே ஓர் அக்கவுண்ட் திறந்தான். அதே எழுத்து, நீங்கள் வைத்திருந்த அதே பாஸ்வேர்டு. "இப்ப அண்ணன்னே நெனச்சுக்கும் அண்ணி" என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நம் வீடுகளில் அதுதானே வழக்கம்? தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்துவிட்டு, அவரே திரும்பி வந்துவிட்டார் என்று சொல்லிக்கொள்வோம். உங்களுக்கே அப்படி வந்த பெயர்தானே அது.

கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. பெயர் சரி, பாஸ்வேர்டு சரி, ஆனால் நீ அவர் இல்லை என்று சொல்லிவிட்டது. முரளி திருதிருவென்று முழித்தான். எனக்கு அழுகை வந்தது. அதை அவனுக்குக் காட்டாமல் காபி போடப் போய்விட்டேன்.

மறுநாள் செல்வி போன் செய்தாள். உங்களுக்குத்தான் அவளைத் தெரியுமே, நீங்கள் வாசித்துக் கொடுத்த பிள்ளைகளில் ஒருத்தி, பச்சைமலைப் பெண், ஹாஸ்டலில் தங்கி வரலாறு படிப்பவள். அடுத்த வாரம் பரீட்சை. நீங்கள் கடைசியாக வாசித்துக்கொண்டிருந்த புத்தகம்தான் அவளுக்கு வேண்டும். அனுப்புவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். "இருக்கும்ல அம்மா?" என்று கேட்டாள். இருக்கிறது என்று மட்டும் சொன்னேன், திறக்கவில்லை என்பதைச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

கம்ப்யூட்டரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு தடவை கிளிக் செய்தார். அதே வாசகம். அதைப் படித்தாரா என்பதுகூட எனக்குச் சந்தேகம்தான்.

"டிஸ்க் போயிருச்சும்மா. ஃபார்மேட் அடிச்சா சரியாயிடும்."

"உள்ள இருக்கறது?"

"அது போயிடும்."

அப்புறம் என்னதான் சரியாகும்? கேட்டேவிட்டேன். கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் "விடு கமலா, விடு" என்று கையைப் பிடித்து இழுத்திருப்பீர்கள். இழுக்க ஆளில்லாததால் இன்னும் இரண்டு வார்த்தை கூடுதலாகவே சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் பதறவில்லை.

"ஸ்கிரீன்ல என்ன வருதோ அதை ஒரு வரி விடாம வாசிங்கம்மா. என் கம்ப்யூட்டர் எனக்கு எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டும், நான் முழுசாக் கேட்டுத்தான் ஆகணும். நீங்கள்லாம் பாதியிலயே ஓகே அமுக்கிடுறீங்க."

வாசித்தேன். பள்ளிக்கூட ஆபீசில் காலமெல்லாம் டைப் அடித்தவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதா? அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து வாசித்துக்கொண்டே போனேன். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பழைய விண்டோஸில் இருந்த உங்களுக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருக்கிறது, அவ்வளவுதான். உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர்கூட இல்லை. நீளமாக ஒரு நம்பர், பக்கத்தில் 'அடையாளம் தெரியாத கணக்கு'. உங்களைத்தான் சொல்கிறது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த இடத்துல உங்க பேரைப் போடுங்கம்மா, தொறந்துரும்" என்றாள் செல்வி.

கேஸ் புத்தகம், கரண்ட் கனெக்ஷன், வீட்டு வரி எல்லாவற்றிலும் உங்கள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரை எழுதியாகிவிட்டது. இறப்புச் சான்றிதழ் கேட்காத இடம் இது ஒன்றுதான். ஆனாலும் இங்கேதான் எனக்குக் கை வரவில்லை. உங்கள் குரல் உங்களுடையது இல்லையா? அதற்கு நான் எப்படிச் சொந்தக்காரி ஆவேன்?

"அம்மா, இருக்கீங்களா?" என்றாள் அவள். அடுத்த வாரம் அவளுக்குப் பரீட்சை. கமலா என்று டைப் செய்தேன். உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் மாற்றவா என்று கேட்டது. சரி என்றேன்.

திறந்தது. கடைசி ஃபைலைப் போட்டு, போனைப் பக்கத்தில் வைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு நீங்கள் நிலவரி முறையைப் பற்றி வாசித்தீர்கள். நடுவில் நம் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. "ஏம்மா, அதைக் கொஞ்சம் அணைக்கக் கூடாதா?" என்று எரிச்சலோடு கேட்டீர்கள்.

"அந்த விசிலை வெட்டிடாதீங்கம்மா" என்றாள் செல்வி. "சாரோட பாடத்துல எங்க விசில் வருதுன்னு வெச்சுத்தான் நான் ஞாபகம் வெச்சுக்குவேன்."

புத்தகத்தில் இரண்டு பாடம் மிச்சமிருக்கிறது. மீதியை நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லி நிறுத்தியிருக்கிறீர்கள். எந்த நாளைக்கு? அதைக் கேட்டால் மறுபடியும் கோபம்தான் வருகிறது.

"நீங்களே வாசிச்சுருங்களேம்மா. இவ்வளவு நேரம் எனக்கு வாசிச்சீங்கல்ல" என்றாள் அவள்.

வாசிக்கிறேன். நாளைக் காலையில் ஆரம்பிக்கிறேன், குக்கரையும் அணைக்க மாட்டேன். முதல் வரியில், இந்தப் புத்தகத்தை வாசிக்கத் தொடங்கியவர் ரெங்கராஜன் என்று சொல்லப்போகிறேன். கல்யாணமான நாளிலிருந்து என் வாயால் சொல்லாத பெயர். அந்த மெஷின் நம்பாவிட்டால் போகட்டும், பிள்ளைகள் கேட்கட்டும்.

உங்கள் வீட்டுக்காரி,
கமலா
ஸ்ரீரங்கம்