செல்வத்துக்குக் கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகள்

என் செல்லத் தம்பி முருகேசா,

கசார்வாடியில் நம் பட்டறைக்கு எதிரே டெம்போ நிறுத்துவானே செல்வம், உன்னோடு உட்கார்ந்து குடித்தவன், அவன் சேதி கேள். போன மழைக்காலத்தில் போதையில் வண்டியைச் சுவரில் மோதிப் பிடிபட்டான். உன்னைப் போலவேதான். ஆனால் நீதிமன்றம் அவனைச் சிறைக்கு அனுப்பவில்லை. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, குடியை நிறுத்தச் சிகிச்சைக்குப் போகச் சொல்லிவிட்டது.

முதல் மாதம் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். இப்போது காலையில் டீ கிளாஸைப் பிடிக்கிறான், ஒரு சொட்டு சிந்துவதில்லை. கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. உன் கை அப்படி நின்று நான் பார்த்ததே இல்லையே, தம்பி.

இனி ஞாயிறுதோறும் அந்த ஆஸ்பத்திரியில் வகுப்பாம். வீட்டு ஆள் ஒருவர் கூடவே உட்கார வேண்டுமாம். அவன் மனைவி தென்காசியில். என்னிடம் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, ஆள் வரலன்னா பேரை வெட்டிருவாவ. பொறவு ஜெயில்தான்."

"போயேன். என் தம்பி போகலியால?"

"போனான். திருந்தியா வந்தான்?"

கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அன்று உன் வழக்கில் நீதிபதியிடம், நானாகப் படித்துத் தேறிய இந்தியில், "சாகேப், இவனைக் கடுமையாகத் தண்டியுங்கள்" என்று கேட்டவன் நான்தானே? வெளியே வந்த அன்றே நீ குடித்தாய். ஒரு வருடத்தில் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தாய். சிகிச்சை கேட்கலாம் என்று அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா?

குடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொட்டது குற்றம்தான். அதில் இன்றும் நான் இறங்கிவர மாட்டேன். ஆனால் உன் நோயைச் சிறையில் யாரும் பார்க்கவில்லை. வீட்டில் நானும் பார்க்கவில்லை.

போன ஞாயிறு போனேன். படிவத்தில் உறவு என்ற இடத்தில் செல்வம் 'அண்ணன்' என்று எழுதி வைத்திருந்தான். அதை அடித்துவிட்டு, 'எதிர்ப் பட்டறைக்காரர்' என்று எழுதினேன். படிவம் வாங்கிய மராத்திப் பெண், "சாலேல் காகா, ஆகட்டும், அதுவே போதும்" என்று சிரித்தாள். செல்வத்துக்கு முகம் விழுந்துவிட்டது. விழட்டும்.

வகுப்பு முடியும்வரை ஒரு ஞாயிறும் தவறாமல் போய் அவன் பக்கத்தில் உட்காருவேன். அவனைச் சிறைக்குப் போக விட மாட்டேன். தம்பி என்று மட்டும் அவனைக் கூப்பிட மாட்டேன்.

உனக்கு மட்டுமே அண்ணன்,
சுப்பையா