பத்தொன்பது பன்னிரண்டுக்கு நின்ற கடல்

என் அன்பான சவரி மச்சானுக்கு,

போன மாதம் நம் தோட்டத்துக் கடல் மதகில் மோட்டார் பூட்டிவிட்டார்கள். பட்டனைத் தட்டினால் கதவு தானாக இறங்குகிறது. முதல் தடவை தட்டிவிட்டு, கதவு தரையில் உட்காரும்வரை அடியையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன், மச்சான். இதை உங்களைத் தவிர யாரிடம் சொல்ல?

மதகு வேலைக்கு நான் புதிதாகச் சேர்ந்த வருடம் நினைவிருக்கிறதா? கடல் ஏறும்போது நம் தோட்டம் கடலைவிடத் தாழ்ந்து கிடக்கும். நடுவில் ஒரு மண்கரைதான். கடல் இறங்கியதும் கதவைத் திறந்து மழைத்தண்ணீரை வெளியே விட வேண்டும், ஏறுவதற்குள் மூட வேண்டும். அதற்காகத் தோட்டத்து ஆபீஸ் கிராணி ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார். எந்த நாளில் எத்தனை மணிக்குக் கடல் உச்சத்துக்கு ஏறும் என்று வருடம் முழுவதற்கும் முன்கூட்டியே அச்சடித்திருந்தார்கள். காலை, மாலை என்ற பேச்சே அதில் கிடையாது. வெறும் நான்கு இலக்கங்கள். அதுவரை பன்னிரண்டுக்கு மேல் ஒரு மணி இருக்கிறது என்றே நான் நினைத்ததில்லை.

அன்று 1912 என்று இருந்தது. நான் அதை ஒன்பது பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டேன். ராத்திரி ஒன்பதுக்குத்தானே கடல் வரப்போகிறது, ஆறு மணிக்கு மூடினால் போதும் என்று கதவைத் திறந்துபோட்டுவிட்டு, பிறந்து இருபது நாளே ஆன மகள் ஸ்டெல்லாவைப் பார்க்க லயத்து வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

ஐந்தரை இருக்கும். நீங்கள் லோரியை வாசலிலேயே நிறுத்திவிட்டுக் கத்தினீர்கள்.

"மாப்ளே! கால்வாயில தண்ணி உள்ள ஏறி வருது! எத்தன மணிக்குப் போட்டிருக்கான்?"

"ஒம்பது பன்னண்டு, மச்சான்."

"புக்க எடு." ஒரு பார்வைதான் பார்த்தீர்கள். "இது பத்தொம்பதுலா! பன்னண்ட கழிக்கணும், நீ பத்த கழிச்சிருக்க. ஏழு மணிக்கே வந்துரும்!"

மில்லில் ஷிப்ட் பார்த்தவர் நீங்கள். உங்களுக்குப் பத்தொன்பது என்றால் ஏழு. எனக்கு அப்போதுதான் உறைத்தது. கால்வாய் நிரம்பினால் முதலில் மூழ்குவது நம் லயம். உள்ளே உங்கள் தங்கை எழுந்து நடக்கவே சிரமப்பட்டுக்கொண்டிருந்தாள்.

மதகுக்கு ஓடினோம். நான் கைப்பிடியைச் சுற்றச் சுற்றக் கதவு இறங்கியது. அடியில் ஒரு முழம் இருக்கும்போது நின்றுவிட்டது. ஏதோ கட்டை. இடுப்பில் கயிற்றைக் கட்டினீர்கள், மறுமுனையை என் கையில் கொடுத்துவிட்டுக் குதித்தீர்கள். எத்தனை தடவை முங்கினீர்கள்? மூன்றுக்கு மேல் எனக்கு எண்ண வரவில்லை. கடைசியில் கட்டை மிதந்து வந்தது. அதற்குப் பின்னால் உங்கள் தலை. முழங்கை முழுக்க ரத்தம்.

கதவு தரையில் உட்கார்ந்த சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் கரைமேல் சாய்ந்துவிட்டோம். கடல் இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது. கரையின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே வந்துவிட்டது. நான் ஜெபம் சொன்னேன். நீங்கள் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இப்பப் பாரு," என்றீர்கள் மெதுவாக.

ஏழு பன்னிரண்டு. தண்ணீர் நின்றது. மிதந்துகொண்டிருந்த ஒரு தேங்காய் மட்டை எந்தப் பக்கம் போவதென்று தெரியாததுபோல் அசையாமல் கிடந்தது. காற்று இல்லை, சத்தம் இல்லை. அவ்வளவு பெரிய கடல் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. பிறகு அந்த மட்டை கடல் பக்கமாக நகரத் தொடங்கியது.

எங்கேயோ யாரோ உட்கார்ந்து, வருடம் பிறக்கும் முன்பே, நம் சேற்றுக்கரையில் தண்ணீர் நிற்கப்போகும் நிமிடத்தைக் கணக்குப் பார்த்து எழுதியிருக்கிறான். கடலும் வந்து நிற்கிறது! நம் கடிகாரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு ஏழு. கடலும் நாளைக்கு இரண்டு முறை ஏறுகிறது. ஆனால் நேற்று ஏறிய நேரத்தில் இன்று ஏறுவதில்லை. முக்கால் மணி நேரத்துக்கும் மேலே தள்ளிப்போகிறது. அதன் கணக்கே வேறு. இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. உங்களுக்குத் தீர்ந்ததா?

மறுநாள் கிராணி விசாரித்தார். "கட்ட சிக்கிக்கிச்சு சார்," என்று மட்டும் சொன்னீர்கள். நான் வாய் திறக்கவில்லை. உங்கள் முழங்கைத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் உண்மையை எல்லாரிடமும் சொல்லிவிட நினைப்பேன், முடிந்ததில்லை.

உங்கள் மருமகள் ஸ்டெல்லா இப்போது கிள்ளான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "அப்பா, நாளைக்கு எனக்கு ஃபோர்ட்டீன் ஹண்ட்ரட் டியூட்டி," என்கிறாள். இரண்டு மணி என்று கணக்குப் போடுவதற்குள் போனை வைத்துவிடுகிறாள்.

வருகிற ஞாயிறு கோவிலில் உங்கள் முதல் வருட நினைவுப் பூசை. என்னை நாலு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள். கதவைத் திறந்துபோட்டவன் நான்தான் என்று எல்லார் முன்பும் சொல்லப்போகிறேன், மச்சான். உங்கள் தங்கை அழுவாள், அழட்டும். அன்று சாயங்காலம் 1846-க்குக் கடல் நிற்கும். அவளையும் ஸ்டெல்லாவையும் கரைக்குக் கூட்டிப்போய், அந்த ஒரு நிமிடம் பேசாமல் நிற்போம்.

என்றும் உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
மாப்பிள்ளை ராயப்பன்