பனியில் நின்ற நாற்பத்துமூன்று

1996 மார்ச் 3, ஞாயிறு

இத்தனையும் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். கொட்டகைக்காரன் ஒருநாள் கையை விரிப்பான், பஸ் நடுத்தெருவுக்கு வரும் என்று சொன்னவன் இந்த ஆர்னல்ட். இன்று கடிதம் வந்துவிட்டது: மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். இனி நடக்கப்போவதையும் எழுதி வைக்கிறேன். நம்ம 43-ஆம் நம்பர் பஸ்ஸை என் வாய்தான் காப்பாற்றும்.

அக்கா மகன் கீத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறான். பதினொரு வருடம் ஞாயிறுதோறும் இருவரும் துரு சுரண்டிய மாடி பஸ். வேறு இடம் கிடைக்காவிட்டால் பழைய இரும்புக்காரன் வெட்டிவிடுவான்.

மார்ச் 9, சனி

பழைய வண்டிகள் காட்சியகத்திலிருந்து த்வெய்ட் அம்மா வந்தார். ஒரே ஒரு பஸ்ஸுக்குத்தான் அங்கே இடம்.

"இதே மாதிரி இன்னும் ஆறு ஓடிட்டிருக்குங்க. இதுல என்ன விசேஷம்?"

கீத் கியர்பெட்டியின் பெருமையை ஆரம்பித்தான். அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் குறுக்கே புகுந்தேன்.

"அறுபத்துமூணு ஜனவரில கிரிம்ஷா மேட்டுப் பனியில பத்து மணி நேரம் மாட்டிக்கிச்சே, அந்த வண்டிங்க இது! கண்டக்டர் நான். முப்பது பேரை உயிரோட கொண்டுவந்தேன்."

"மாமா, கிறிஸ்மஸுக்குப் பதினெட்டுன்னீங்க?"

"பனி கூடக்கூட ஆளும் கூடும்டா."

அந்த அம்மா சிரித்தார். ஆனால் டிப்போ பதிவேடு கேட்டார். அது எப்போதோ தீயில் போயிற்று. கீத்தின் நோட்டில் நம் ஊர் பஸ் அத்தனைக்கும் நம்பர் உண்டு, கண்ணால் பார்த்ததற்கெல்லாம் ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டிருப்பான். ஆனால் அவன் குறிக்கத் தொடங்கியதே அறுபத்துநான்கில்!

"அன்னைக்கு அதுல இருந்த ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க. எடுத்துக்கிறோம்."

மார்ச் 10

பஸ்ஸின் மாடியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாற்பது வருடச் சிகரெட் புகை படிந்த கூரை, தேன் நிறத்தில். கண்ணை மூடினால் நனைந்த கம்பளிக் கோட்டு வாசம். ஒரு மணி அடித்தால் நில், இரண்டு அடித்தால் கிளம்பு — டிரைவர் முன்னால் தனிப் பெட்டிக்குள், நான் கதவில்லாத பின்படியில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆனாலும் எத்தனை பேசிக்கொண்டோம்! இப்போது யார் யாருக்கு மணி அடிக்கிறார்கள்?

மார்ச் 15

உள்ளூர்ப் பத்திரிகையில் என் படமும் பனிக் கதையும். பயணிகள் நாற்பது என்று போட்டிருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை.

மார்ச் 19

நோரா என்று ஒரு பெண்மணி போன் செய்தார். அந்தப் பனியில் அவரும் இருந்தாராம். தேவாலயத் தேநீர் விருந்துக்கு ஒரு தட்டு பன் கொண்டுபோனாராம். ஆமாம், பன்! எப்படி மறந்தேன்? கீத் குதிக்கிறான். நான் மட்டும் குதிக்கவில்லை.

மார்ச் 23, சனி

நோரா வந்தார். த்வெய்ட் அம்மாவும் நின்றார்.

"ஏய்யா கண்டக்டரு, ஆளுக்குப் பாதி பன்னுன்னு கணக்குப் பண்ணிக் குடுத்துட்டு, நீ மட்டும் ரெண்டு முழுங்கினியே!"

"சின்ன பன்னுதாங்க."

அப்புறம் நோரா கைப்பிடியைப் பிடித்து மெல்ல ஏறினார். கீழ்த்தளம், இடப்பக்கம், மூன்றாவது சீட். யாரும் காட்டவில்லை. உட்கார்ந்து ஜன்னல் கம்பியைத் தடவினார்.

"இங்கதான். முன்னப்பின்ன தெரியாத மனுஷன், கோட்டைக் கழட்டி என்மேல போட்டாரு. அவரையே கட்டிக்கிட்டேன். போன வருஷம் போய்ச் சேந்துட்டாரு... இந்த வண்டி இன்னும் இருக்குன்னு எனக்குத் தெரியாதேய்யா."

த்வெய்ட் அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "எடுத்துக்கிறோம்" என்றார். கீத் அழுதான், மடையன். நான் வாயைத் திறந்தேன் — சொல்லிவிடத்தான். நோரா என் கையைப் பிடித்துக்கொண்டார். மூடிக்கொண்டேன்.

மார்ச் 31, ஞாயிறு

43 இன்று காட்சியகத்துக்குப் போயிற்று. கீத் ஓட்டினான். பின்படியில் நின்று இரண்டு மணி அடித்தேன். தெருவே கையசைத்தது, ஐயாயிரம் பேர் இருக்கும். சரி, ஐம்பது.

நோரா மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து வந்தார். மடியில் அவர் கணவரின் கோட்டு. அவர் முகத்தைப் பார்த்தபின் எந்த வாயால் சொல்வது? இங்கேயாவது எழுதுகிறேன். பனி உண்மை. பன் உண்மை. நான் இருந்ததும் உண்மை. வண்டிதான் வேறு. மேட்டில் நின்றது இதோடு சேர்த்து வாங்கிய ஜோடி வண்டி, 44. அதை எழுபத்தொன்றிலேயே வெட்டி எடைக்குப் போட்டுவிட்டார்கள். அந்தக் குளிர்க் காலையில் 43 ஸ்டார்ட்டே ஆகவில்லை.